குவீன்ஸ்டவுனும் சேமநிதியின் எல்லைக் கோடுகளும்

ஓர் ஊரின் வரலாற்றை அதன் கோயில்களையும் கோட்டைகளையும் கொண்டு எழுதுவது பண்டைய மரபு. கோட்டையோ கொத்தளமோ இல்லாத புதுநகருக்கு அம்மரபு பொருந்துவதில்லை. சிங்கப்பூரின் முதல் துணை நகரமாகிய குவீன்ஸ்டவுன் அத்தகைய ஊர். அதன் அடுக்குமாடி வீடுகள் செங்கல்லாலும் சிமெண்டாலும் எழுந்தன என்பது கண்ணுக்குத் தெரிந்த உண்மை. அவ்வீடுகளுள் பெரும்பாலானவை உழைப்பாளரின் மாத ஊதியத்திலிருந்து பிடிக்கப்பட்ட சிறு தொகைகளால் அவர்களுக்கு உரிமையாயின என்பது கணக்கேடுகளில் மறைந்து கிடக்கும் உண்மை. அக்கணக்கேட்டுக்குப் பெயர் மத்திய சேமநிதி.

சேமநிதியைப் பற்றிப் பேசுவோர் பொதுவாகச் சந்தா விகிதத்தையும் வட்டியையும் பேசுவர். ஒருவருக்காக எவ்வளவு கட்டாயம் செலுத்தப்பட வேண்டும், எவ்வளவுக்கு மேல் செலுத்தக்கூடாது என்னும் இரண்டு எல்லைகளைப் பற்றியும், அவ்வெல்லைகள் எவ்வாறு அறிவிக்கப்பட்டன, எவ்வாறு காக்கப்பட்டன என்பது பற்றியும் பேசுவோர் சிலரே. எல்லையை வகுப்பது எளிது. அதனைக் காப்பது அரிது. இவ்வுண்மையை விளக்க குவீன்ஸ்டவுனின் கதை நல்லதோர் எடுத்துக்காட்டு.

புதுநகரின் தோற்றம்

இரண்டாம் உலகப் போருக்குப் பின் சிங்கப்பூரில் குடியிருப்புப் பஞ்சம் கடுமையாக இருந்தது. நகரின் நடுப்பகுதியில் கடைவீடுகளின் மேல்மாடிகள் பல அறைகளாகத் தடுக்கப்பட்டு, ஒவ்வோர் அறையிலும் ஒரு குடும்பம் ஒடுங்கி வாழ்ந்தது. சிராங்கூன் சாலையைச் சுற்றியிருந்த தேக்கா வட்டாரத்தில் வாழ்ந்த தமிழர் பலருடைய நிலையும் அதுவே. இந்நெருக்கடியைத் தணிக்க, காலனி அரசின் கீழ் இயங்கிய சிங்கப்பூர் மேம்பாட்டு அறநிறுவனம் நகரின் மேற்கே புதுநகர் ஒன்றைத் திட்டமிட்டது. எலிசபெத் அரசியாரின் முடிசூட்டு விழா நிகழ்ந்த 1953ஆம் ஆண்டில் அதற்குக் குவீன்ஸ்டவுன் எனப் பெயரிடப்பட்டது. 1956இல் அங்கு எழுந்த ஃபோர்ஃபார் ஹவுஸ் என்னும் பதினான்கு மாடிக் கட்டடம் அந்நாளைய மக்களுக்கு வியப்பூட்டிய உயரமாகும்.

1960 பிப்ரவரி முதல் நாள் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் தோன்றியது. அக்கழகம் முதன்முதலாகக் கட்டி முடித்த அடுக்குமாடிகள் குவீன்ஸ்டவுனின் ஸ்டர்லிங் சாலையில் அமைந்தவையே. அவ்வட்டாரத்தின் ஒரு பகுதியாகிய தங்ளின் ஹால்ட், அருகில் ஓடிய மலாயா இருப்புப் பாதையின் சிறு நிறுத்தத்தால் பெயர் பெற்றது. இருப்புப் பாதையில் பணிபுரிந்த இந்தியத் தொழிலாளர் வழிபட்ட முனீஸ்வரன் கோயில் இன்று காமன்வெல்த் டிரைவில் பெருங்கோயிலாக நிற்கிறது. ஆகவே, அடுக்குமாடிகள் எழுமுன்னரே தமிழ்த் தொழிலாளரின் கால் பதிந்த மண் அது.

தொடக்கத்தில் இவ்வீடுகள் வாடகைக்கே விடப்பட்டன. வாடகை கொடுத்து வாழ்ந்த தொழிலாளி தன் வீட்டுக்கு உரிமையாளனாக எப்படி மாறினான் என்பதை அறியச் சேமநிதியின் பிறப்பை அறிதல் வேண்டும்.

சேமநிதியின் பிறப்பு

முதுமையில் உழைப்பாளிக்குச் சோறிடுவது யார் கடமை? பிள்ளைகளின் கடமை என்றது மரபு. பிள்ளைகளைத் தமிழகத்தில் விட்டுவிட்டுக் கடல் கடந்து வந்து உழைத்தோர்க்கு அம்மரபு எளிதில் கைகொடுக்கவில்லை. அரசுப் பணியாளருக்கு ஓய்வூதியம் இருந்தது. சில பெரிய நிறுவனங்கள் தத்தம் ஊழியர்க்குத் தனி நிதி வைத்திருந்தன. கடைச் சிப்பந்தியும் ஆலைத் தொழிலாளியும் முதுமையில் கைவிடப்பட்டனர்.

அண்டை நாடாகிய மலாயாவில் ஊழியர் சேமநிதி 1951இல் தொடங்கியது. இந்தியாவில் வருங்கால வைப்பு நிதிச் சட்டம் 1952இல் இயற்றப்பட்டது. சிங்கப்பூரில் இதற்கான அவசரச் சட்டம் 1953இல் நிறைவேறி, 1955 ஜூலை முதல் நாள் செயலுக்கு வந்தது. அவ்வாண்டு ஏப்ரலில்தான் டேவிட் மார்ஷல் முதலமைச்சராகப் பொறுப்பேற்றிருந்தார். மே மாதத்தில் ஹாக் லீ பேருந்து நிறுவனக் கலவரம் நிகழ்ந்தது. தொழிலாளரின் குமுறல் தெருவில் வெடித்துக்கொண்டிருந்த அந்நாள்களில் சேமநிதி தன் முதல் சந்தாவைப் பெற்றது.

அன்று வகுக்கப்பட்ட முறை எளிமையானது. முதலாளி ஊதியத்தில் நூற்றுக்கு 5 பங்கைத் தம் கையிலிருந்து கொடுப்பார். ஊழியரின் ஊதியத்திலிருந்து இன்னொரு 5 பங்கைப் பிடித்து, இரண்டையும் சேர்த்துச் சேமநிதிக் கழகத்திடம் செலுத்துவார். ஊழியர் 55 வயதை எட்டும்போது வட்டியுடன் பணம் அவர் கைக்கு வரும். தொடக்கக் கால வட்டி நூற்றுக்கு 2.5. இன்றளவும் அவ்வட்டிக்கு வருமான வரி இல்லை. முதலாளி சட்டப்படி செலுத்தும் பங்கும் ஊழியரின் வரிக்குரிய வருமானமாகக் கொள்ளப்படுவதில்லை. ஊழியரின் பங்குக்கு வரிக் கழிவு உண்டு. ஆகவே சேமநிதி, வரியின் கை படாத சேமிப்பாக வளர்ந்தது.

கீழ் எல்லை: முதலாளியின் கடமை

இம்முறையின் உயிர்நாடி மாதந்தோறும் முதலாளி தரும் அறிக்கையில் இருக்கிறது. இன்னார் இம்மாதம் இவ்வளவு ஊதியம் பெற்றார், அதற்குரிய சந்தா இவ்வளவு என முதலாளியே எழுதித் தருகிறார். ஊழியர் நேராகக் கழகத்துக்குப் பணம் கட்டுவதில்லை. ஆதலால், அறிக்கையில் ஒரு பெயர் விடுபட்டால் அப்பெயருக்கு உரியவரின் முதுமை விடுபட்டதாகும். ஊதியம் குறைத்து எழுதப்பட்டால் சேமிப்பும் குறைந்து போகும்.

இதனை உணர்ந்தே சட்டம் தன் காவலை முதலாளியின் வாசலில் நிறுத்தியது. ஒரு மாதத்துக்குரிய சந்தாவை அம்மாத இறுதிக்குள் செலுத்த வேண்டும். அடுத்த மாதம் 14ஆம் நாள் வரை பொறுக்கப்படும். அதற்கும் தவறினால் மாதத்துக்கு நூற்றுக்கு 1.5 வீதம் தாமத வட்டி ஏறும். ஆண்டுக் கணக்கில் இது 18 ஆகும். வணிகத்துக்கான வங்கிக் கடன் பொதுவாக இதனினும் மலிவாகக் கிடைக்கும். தொழிலாளரின் சந்தாவைத் தம் வணிகத்துக்குக் கைமாற்றாகப் பயன்படுத்த எண்ணும் முதலாளிக்கு அவ்வெண்ணம் இலாபமாகாதபடி இவ்விகிதம் தடுக்கிறது.

தண்டனையிலும் சட்டம் நுட்பமான வேறுபாடு காட்டுகிறது. சந்தா செலுத்தத் தவறியோர்க்கு, முதல் குற்றமாயின், ஒவ்வொரு குற்றத்துக்கும் 1,000 வெள்ளிக்குக் குறையாமலும் 5,000 வெள்ளிக்கு மேற்படாமலும் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். ஊழியரின் ஊதியத்திலிருந்து அவர் பங்கைப் பிடித்துக்கொண்டு கழகத்திடம் கட்டாமல் விட்ட முதலாளிக்கோ, 10,000 வெள்ளி வரை அபராதமும் ஏழாண்டு வரை சிறையும் விதிக்கப்படலாம். கொடுக்க வேண்டியதைக் கொடாமை ஒரு குற்றம். பிறன் பொருளைக் கையில் வாங்கிக்கொண்டு மறைத்தல் அதனினும் பெருங்குற்றம். நம்பிக்கைத் துரோகத்தைச் சட்டம் வேறாக எடை போடுகிறது.

ஊதியத்தில் கடைநிலையில் உள்ளோர்க்கும் இம்முறையில் ஒரு பரிவு உண்டு. மாதம் 50 வெள்ளிக்கு மேல் 500 வெள்ளி வரை பெறும் ஊழியரிடமிருந்து எதுவும் பிடிக்கப்படுவதில்லை. முதலாளியின் பங்கு மட்டும் செலுத்தப்படுகிறது. 500 வெள்ளிக்கு மேல் ஊழியரின் பங்கு சிறிது சிறிதாக ஏறி, 750 வெள்ளிக்கு மேல் முழு விகிதத்தை எட்டுகிறது. பகுதிநேரமாகத் துப்புரவு வேலை செய்யும் மூதாட்டியிடம் பிடித்தம் செய்து அவர் அடுப்பை அணைத்தல் ஆகாது என்பதே இதன் கருத்து.

வீட்டுக்குள் நுழைந்த சேமநிதி

1964ஆம் ஆண்டில் மக்களுக்கு வீட்டுரிமை என்னும் திட்டம் அறிவிக்கப்பட்டது. அத்திட்டத்தில் முதலில் விற்பனைக்கு வந்தவை குவீன்ஸ்டவுன் வீடுகளே. ஈரறை வீட்டின் விலை 4,900 வெள்ளி. மூவறை வீட்டின் விலை 6,200 வெள்ளி. இன்றைய விலையோடு ஒப்பிடுவோர்க்கு இது சிறு தொகையாகத் தோன்றும். அன்றைய தொழிலாளிக்கு அது மலை. மூவறை வீட்டுக்கு நூற்றுக்கு 20 பங்கு முன்பணம் என்றால் 1,240 வெள்ளியை ஒரே வேளையில் எடுத்து வைத்தல் வேண்டும். மாதம் 150 வெள்ளி ஈட்டும் ஒருவருக்கு அது எட்டு மாத ஊதியத்துக்கும் மேல். வீடு இருந்தது, வாங்க விருப்பமும் இருந்தது, முன்பணம் இல்லை. ஆனால், அதே தொழிலாளியின் பெயரில் சேமநிதிக் கழகத்தில் பணம் சேர்ந்துகொண்டிருந்தது. 55 வயது வரை அதனைத் தொட இயலாது.

1968இல் சட்டம் திருத்தப்பட்டது. அவ்வாண்டு செப்டம்பர் முதல், வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீட்டின் முன்பணத்துக்கும் மாதத் தவணைக்கும் சேமநிதியைப் பயன்படுத்த வழி பிறந்தது. அதே மாதத்தில் சந்தா விகிதமும் இருபுறமும் 6.5 ஆக உயர்ந்தது. கையில் வாங்கும் ஊதியத்தைக் கரைக்காமல் வீட்டுத் தவணையைச் செலுத்தலாம் என்ற நிலை வந்ததும் வீட்டுரிமை வேகமாகப் பரவியது.

இத்திருத்தம் முதலாளியின் மாத அறிக்கைக்குப் புதிய கனம் தந்தது. அதுவரை ஒரு மாதச் சந்தா தவறினால் அதன் கேடு முப்பது ஆண்டு கழித்தே தெரியவரும். 1968க்குப் பின், சந்தா தவறினால் அடுத்தடுத்த மாதங்களிலேயே வீட்டுத் தவணை தடுமாறும். தொலைவில் இருந்த முதுமையின் கேள்வி, அன்றாடம் தலைக்குமேல் உள்ள கூரையின் கேள்வியாயிற்று. கீழ் எல்லையைக் காப்பதென்பது குடும்பத்தின் கூரையைக் காப்பதாகப் பொருள் விரிந்தது.

ஏறிய விகிதமும் இறங்கிய விகிதமும்

அதன்பின் விகிதம் படிப்படியாக ஏறியது. 1971இல் இருபுறமும் 10. 1974இல் இருபுறமும் 15. 1984 ஜூலையில் இருபுறமும் 25. ஊதியத்தில் பாதிக்கு நிகரான தொகை மாதந்தோறும் சேமநிதிக்குச் சென்ற காலம் அது. 1977இல் முதுமைக்கெனச் சிறப்புக் கணக்கும், 1984இல் மருத்துவச் செலவுக்கென மெடிசேவ் கணக்கும் தோன்றின. ஒரே பையில் இருந்த பணம் மூன்று பைகளாகப் பிரிந்தது.

1985இல் பொருளாதாரம் சரிந்தது. செலவைக் குறைத்து வேலைகளைக் காக்கும் பொருட்டு, 1986 ஏப்ரலில் முதலாளியின் பங்கு 25இலிருந்து 10 ஆகக் குறைக்கப்பட்டது. மாதம் 800 வெள்ளி பெற்ற ஓர் ஊழியரை எண்ணிப் பார்த்தால் இதன் பொருள் விளங்கும். முந்தைய மாதம் வரை அவர் கணக்கில் 400 வெள்ளி சேர்ந்தது. அதன்பின் 280 வெள்ளியே சேர்ந்தது. வீட்டுத் தவணையோ குறையவில்லை. சேமநிதி முழுவதையும் தவணைக்கு ஒதுக்கி வைத்திருந்தோர் குறைந்த தொகையைக் கைப்பணத்தால் ஈடுகட்ட நேர்ந்தது. ஆசிய நிதி நெருக்கடியை ஒட்டி 1999 ஜனவரியில் முதலாளியின் பங்கு 20இலிருந்து மீண்டும் 10 ஆகக் குறைக்கப்பட்டபோதும் இதே பாடம் திரும்பியது.

பின்னர் விகிதம் சிறுகச் சிறுக மீட்கப்பட்டது. 2016 முதல் 55 வயது வரையுள்ள ஊழியர்க்கு முதலாளி 17, ஊழியர் 20, ஆக 37 என்னும் விகிதம் நிலவுகிறது. அவ்வயதைக் கடந்தோர்க்கு விகிதம் குறைவு. எனினும் 2022 முதல் அதுவும் படிப்படியாக உயர்த்தப்பட்டு வருகிறது. கீழ் எல்லை கல்லில் செதுக்கிய கோடன்று; நாட்டின் நிலைக்கேற்ப நகரும் கோடு. அது எங்கே நகர்ந்தாலும் முதலாளியின் அறிக்கை அவ்விடத்தில் நிற்றல் வேண்டும் என்பதில் மட்டும் மாற்றமில்லை.

மேல் எல்லை: செல்வர்க்கு இட்ட வேலி

வரியில்லாத வட்டியும் அரசின் உறுதியும் உள்ள இடத்தில் பணம் வைக்க யாருக்குத்தான் விருப்பம் இராது? கீழ் எல்லை மட்டும் இருந்து மேல் எல்லை இல்லையெனின், உழைப்பாளரின் முதுமைக்கென அமைந்த நிதி, செல்வர் வரியிலிருந்து ஒதுங்கும் நிழலாக மாறிவிடும். ஆகவே இரண்டு வேலிகள் இடப்பட்டன.

முதலாவது, ஊதிய உச்சவரம்பு. எவ்வளவு பெரிய ஊதியம் பெறுபவராயினும், மாத ஊதியத்தில் ஒரு குறிப்பிட்ட அளவுக்கே சந்தா கணக்கிடப்படும். 1980களில் 6,000 வெள்ளியாக உயர்ந்த இவ்வரம்பு 2004இல் 5,500, 2005இல் 5,000, 2006இல் 4,500 எனக் குறைக்கப்பட்டது. 2011இல் 5,000 ஆகவும் 2016இல் 6,000 ஆகவும் மீண்டும் உயர்ந்தது. 2023 செப்டம்பரில் 6,300, 2024இல் 6,800, 2025இல் 7,400, 2026இல் 8,000 என நான்கு படிகளில் ஏறியது.

இரண்டாவது, ஆண்டு உச்சவரம்பு. கட்டாயச் சந்தாவும், ஒருவர் தாமாக விரும்பி மூன்று கணக்குகளுக்கும் பகிர்ந்து செலுத்தும் தொகையும் சேர்ந்து, 2016 முதல் ஆண்டுக்கு 37,740 வெள்ளியைத் தாண்டுதல் கூடாது. இவ்வெண் விளங்காத எண் போலத் தோன்றினும் அதன் பின்னால் எளிய கணக்கு உண்டு. மாதம் 6,000 வெள்ளி வீதம் 12 மாத ஊதியமும், போனஸ் முதலியவற்றுக்கு 5 மாத ஊதியமும் ஆக 17 மாதங்களுக்கு 1,02,000 வெள்ளி. அதில் நூற்றுக்கு 37 பங்கு 37,740 வெள்ளி. வகுப்பறையில் விழுக்காட்டுக் கணக்குக்கு இதனினும் நல்ல எடுத்துக்காட்டு கிடைத்தல் அரிது.

விருப்பத்தின் பேரில் கட்டியவர் இவ்வரம்பை மீறினால் நேர்வது என்ன? மிகுதிப் பணம் வட்டியின்றித் திரும்பி வருகிறது. சிறையில்லை, அபராதமில்லை. ஆசைப்பட்ட வட்டி கிட்டாமற் போவதே தண்டனை. பணத்தைப் பெறுவதும், கணக்கு வைப்பதும், எல்லையைப் பார்ப்பதும் ஒரே கழகம் ஆதலால், மிகுதியைக் கண்டறிய யாரும் யாருக்கும் கடிதம் எழுத வேண்டிய தேவையில்லை. கீழ் எல்லையை மீறும் முதலாளிக்குச் சிறை. மேல் எல்லையை மீறும் உறுப்பினருக்குப் பணம் திருப்பப்படுதல். தன் பணத்தை மிகுதியாகச் சேமித்தவனையும் பிறன் பணத்தை மறைத்தவனையும் ஒரே தராசில் நிறுத்தாமை முறையன்றோ!

2001இல் தோன்றிய துணை ஓய்வுக்காலத் திட்டம் வேறு வகையினது. இதில் சேர்வது அவரவர் விருப்பம். செலுத்தும் தொகைக்கு வரிக் கழிவு உண்டு. 2016 முதல் இதன் ஆண்டு உச்சவரம்பு குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் 15,300 வெள்ளி; வெளிநாட்டவர்க்கு 35,700 வெள்ளி. ஒருவர் ஒரு காலத்தில் ஒரே கணக்கு மட்டுமே வைத்திருக்கலாம். கணக்கைப் பேணும் வங்கி, செலுத்தப்பட்ட தொகையை உள்நாட்டு வருவாய் ஆணையத்துக்குத் தெரிவிக்கிறது. ஓய்வு வயதுக்கு முன் எடுப்பவர் பொதுவாக எடுத்த தொகை முழுவதற்கும் வரி கட்டுவதோடு நூற்றுக்கு 5 பங்கு தண்டமும் செலுத்த வேண்டும். இங்கே காவலாளி வங்கி. சேமநிதியில் காவலாளி கழகம். காவலாளி மாறினும் காவலின் நோக்கம் ஒன்றே.

பிற நாடுகளின் பாடம்

ஒப்புநோக்கத் தமிழர் பெருகி வாழும் கனடாவைக் காணலாம். அங்கு 2009இல் வரியற்ற சேமிப்புக் கணக்கு அறிமுகமானது. முதலாண்டில் உச்சவரம்பு 5,000 கனடிய டாலர், 2015இல் மட்டும் 10,000 ஆக ஏறி, அடுத்த ஆண்டே 5,500 ஆக இறங்கியது, 2024இல் 7,000. ஒருவர் பல வங்கிகளில் இக்கணக்கைத் தொடங்கலாம். ஒவ்வொரு வங்கியும் தன்னிடம் வந்ததை மட்டுமே அறியும். ஆண்டு முடிந்தபின், பிப்ரவரி இறுதிக்குள் வங்கிகள் வரித் துறைக்கு அறிக்கை அனுப்பும். இடைப்பட்ட காலத்தில் எல்லையை எண்ணிக் காக்க வேண்டியவர் கணக்குக்கு உரியவரே. மீறினால் மிகுதித் தொகைக்கு மாதம் நூற்றுக்கு 1 வீதம் வரி.

இதன் விளைவு முதலாண்டிலேயே தெரிந்தது. கணக்கிலிருந்து எடுத்த பணத்தை அதே ஆண்டில் திரும்ப இட்டால் அது புதிய செலுத்தமாகக் கொள்ளப்படும் என்பதை அறியாமல் பல்லாயிரவர் எல்லையைத் தாண்டினர். 2010இல் வரித் துறையின் கடிதம் அவர்கள் வீடு தேடி வந்தது. அவர்கள் வரி ஏய்ப்போர் அல்லர், விதியைப் படியாதோர். அறிக்கை தாமதமாக வரும் இடத்தில் அறியாமையும் குற்றத்தின் உருவம் கொள்கிறது.

இந்தியாவில் 1968இல் தொடங்கிய பொது வருங்கால வைப்பு நிதியிலும் ஆண்டு உச்சவரம்பு உண்டு. 2014 முதல் அது 1,50,000 ரூபாய். அதற்கு மேல் இட்ட பணத்துக்கு வட்டி கிடையாது. தமிழகத்துச் சிற்றூர்களின் அஞ்சல் நிலையங்களிலும் இக்கணக்கு நடைபெறுகிறது. மிகுதிக்கு வட்டி மறுத்தல் என்னும் மென்மையான காவலில் இந்தியாவும் சிங்கப்பூரும் ஒரே வழியில் செல்கின்றன.

எல்லைக்கு வெளியே நிற்போர்

எல்லைக் கோட்டின் வரலாறு எழுதுவோர் அக்கோட்டுக்கு வெளியே நிற்போரை மறத்தல் ஆகாது. இன்று சேமநிதி குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் உரியது. ஞாயிற்றுக்கிழமை மாலையில் தேக்காவின் தெருக்களை நிறைக்கும் தமிழகத்து இளைஞர் பலர் வேலை அனுமதியில் வந்த கட்டுமானத் தொழிலாளர். அவர்கள் பெயரில் சேமநிதிக் கணக்கு இல்லை. வெளிநாட்டவர்க்கு உரிய துணை ஓய்வுக்காலத் திட்டத்தின் 35,700 வெள்ளி வரம்பு, வரி கட்டும் அளவுக்குப் பெருவருவாய் உள்ளவர்க்கே பயன் தரும். ஊருக்குப் பணம் அனுப்புவதற்கே ஊதியம் போதாத தொழிலாளிக்கு வரிக் கழிவு என்ன செய்யும்? குவீன்ஸ்டவுனின் வீடுகளைப் பெற்ற தலைமுறைக்குச் சேமநிதி இருந்தது. இன்றைய அடுக்குமாடிகளைக் கட்டும் கைகளுக்கு அது இல்லை. இது குறை கூறுதற்காக அன்று. வரலாறு முழுமை பெறுதற்காகக் குறிக்கத்தக்க உண்மை.

சொந்தத் தொழில் புரிவோர் நெடுங்காலம் வெளியே நின்றனர். 1992 முதல் அவர்கள் மெடிசேவ் கணக்குக்கு மட்டும் செலுத்தும் கடமைக்கு உட்பட்டனர். வாடகை வாகனம் ஓட்டுவோர், உணவு கொண்டு சேர்ப்போர் ஆகிய இணையத்தள ஊழியர், தொழிலாளியா தனி வணிகரா என்னும் ஐயத்துக்கு நடுவே நின்றனர். 2025 ஜனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்த சட்டம் அவர்களுக்கும் வழி திறந்தது. 1995 ஜனவரி முதல் நாளிலும் அதன் பின்னும் பிறந்தோர்க்குக் கூடுதல் சந்தா கட்டாயம். அதற்கு முன் பிறந்தோர் விரும்பினால் சேரலாம். அவர்கள் வருவாயை அறிக்கையிட்டுச் சந்தாவைப் பிடித்துச் செலுத்தும் கடமை இணையத்தள நிறுவனத்தின் மேல் வைக்கப்பட்டது. 1955இல் முதலாளியின் வாசலில் நிறுத்தப்பட்ட காவல், எழுபது ஆண்டு கழித்துப் புதிய வாசல் ஒன்றிலும் நிறுத்தப்பட்டது.

மூன்றாவது காவலர்

முதலாளியின் அறிக்கை முதற் காவல்; கழகத்தின் ஆய்வு இரண்டாம் காவல். இவ்விரண்டும் போதுமாயின் சட்டத்தில் சிறைத் தண்டனைக்கு இடம் வேண்டியிராது. மூன்றாம் காவலர் ஒருவர் உண்டு. அவர் தம் கணக்கைத் தாமே படித்துப் பார்க்கும் ஊழியர். 2016 ஏப்ரல் முதல் ஊதிய விவரச் சீட்டு வழங்குவதை வேலை நியமனச் சட்டம் கட்டாயமாக்கியுள்ளது. சீட்டில் காணும் பிடித்தமும் சேமநிதிக் கணக்கில் காணும் வரவும் பொருந்துகின்றனவா என்று ஒப்புநோக்கும் பழக்கம், எந்த ஆய்வாளரின் வருகைக்கும் முந்திய பாதுகாப்பாகும். பிடித்தம் உண்டு, வரவு இல்லை என்பதை முதலில் அறியக் கூடியவர் ஊழியரே.

இங்கே மொழியின் பணி வெளிப்படுகிறது. சந்தா, உச்சவரம்பு, தாமத வட்டி, கழிவு, தண்டம் ஆகிய சொற்களைத் தாய்மொழியில் தெளிவாக உணர்ந்தவன் தன் உரிமையையும் தெளிவாகக் கேட்பான். இலக்கியத்தை மட்டுமே மாணவர்க்கு ஊட்டி, ஊதியச் சீட்டைப் படிக்கும் தமிழை ஊட்டாது விட்டால், மொழிக் கல்வி வாழ்க்கையின் வாசலோடு நின்றுவிடும். பள்ளியை விட்டு வேலைக்குச் செல்லும் இளைஞன் முதல் மாதமே காண்பது கவிதையை அன்று, ஊதியச் சீட்டையே. அதிலுள்ள 20 என்ன, 17 என்ன என்று அவனுக்கு விளங்குதல் வேண்டும். அவை விளங்கினால், வீட்டில் பாட்டியின் சீட்டையும் அவன் படித்துச் சொல்வான்.

தங்ளின் ஹால்ட் வழியே ஓடிய தொடர்வண்டி 2011 ஜூன் 30ஆம் நாளோடு நின்றது. 2014இல் அவ்வட்டாரத்தின் 31 அடுக்குமாடிகள் மறுமேம்பாட்டுக்குத் தெரிவு செய்யப்பட்டன. அங்கு வாழ்ந்த முதியோர் அருகில் எழுந்த புதிய வீடுகளுக்குக் குடிபெயர்ந்தனர். பழைய சுவர்கள் மறையலாம். அச்சுவர்களுக்குள் வாழ்ந்த பலரின் வீட்டுக்கு விலை தந்தது, மாதந்தோறும் தவறாது எழுதப்பட்ட ஒரு வரிக் கணக்கு. அந்த ஒரு வரியை எழுதத் தவறாத முதலாளியும், தவறினால் கேட்கத் தயங்காத சட்டமும், தன் கணக்கைத் தானே படிக்கத் தெரிந்த தொழிலாளியும் இருக்கும் வரையில், எல்லைக் கோடு காகிதத்தில் மட்டுமன்றி வாழ்விலும் நிற்கும்.